தவிடும் புண்ணாக்கும் பாதிக்குப் பாதி: கெண்டை மீன் தீவனம் பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச மாதங்களாக மீன் தீவனம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. நியாயமான கேள்விதான். நான் பார்ப்பது சாப்ட்வேர் வேலை. மீனோடு எனக்குப் பழக்கம் குழம்புச் சட்டியில் மட்டும். ஆனால் ஒரத்தநாடு பக்கம் சித்தப்பா ஒருவர் ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறார். தீவனம் வீட்டிலேயே கலப்பதுதான். முதல் வருஷம் 2000 குஞ்சு விட்டு நல்ல லாபம் பார்த்தார். அந்தத் தைரியத்தில் அடுத்த வருஷம் 4000 விட்டார், தீவனத்தையும் இரண்டு மடங்கு போட்டார். பத்து மாசம் கழித்து வலை போட்டால், போன வருஷம் முக்கால் கிலோ நின்ற மீன் இந்த வருஷம் அரைக் கிலோகூட இல்லை. அரைக் கிலோ மீனுக்கு வியாபாரி வைக்கிற விலையும் வேறு.

"அதே தவிடு, அதே புண்ணாக்கு, அதே கைதான் போட்டுது. தீவனம் எங்கப்பா போச்சு?" என்றார். நகையை அடகு வைத்து வாங்கிய தீவனம். பதில் தெரியாமல் அடுத்த வருஷக் குஞ்சு விடுவது சூதாட்டம். அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை, நான் போட்டுப் பார்த்த கணக்குகளோடு, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பழைய கலவையைப் பார்ப்போம். வங்காளம், ஒடிசா, ஆந்திரா, தஞ்சாவூர், எங்கே போனாலும் கெண்டைக் குளத்துக்காரர்கள் சொல்லும் பங்கு ஒன்றுதான்: தவிடு ஒரு பங்கு, புண்ணாக்கு ஒரு பங்கு. வங்காளத்தில் கடுகுப் புண்ணாக்கு, நம்மிடம் கடலைப் புண்ணாக்கு. இது ஏதோ குத்துமதிப்பாக வந்த பங்கு என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

வளர்ந்த கெண்டைக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் புரதம் வேண்டும் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. குஞ்சுப் பருவத்தில் இன்னும் அதிகம். கடலைப் புண்ணாக்கில் சுமார் 42 சதவீதம் புரதம், நல்ல தவிட்டில் சுமார் 12. கலவையில் 28 சதவீதம் வரவேண்டும் என்றால், 28-லிருந்து 12-ஐக் கழித்தால் 16. 42-லிருந்து 28-ஐக் கழித்தால் 14. அதாவது புண்ணாக்கு 16 பங்கு, தவிடு 14 பங்கு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி! தராசும் பரிசோதனைக் கூடமும் இல்லாமல் நம்ம ஆட்கள் போட்ட பங்கு, சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கிற பங்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அப்படியானால் சித்தப்பாவின் கலவையில் தப்பில்லை. புரதம் 27 சதவீதம் இருக்கிறது. பிறகு ஏன் மீன் வளரவில்லை?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. குளத்து மீன் நாம் போடுவதை மட்டும் தின்பதில்லை. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டித் தின்கிறது. ரோகு நடுத் தண்ணீரில் பாசி, அழுகிய தழை என்று மேய்கிறது. மிர்கால் அடிச்சேற்றைக் கிளறுகிறது. மூன்றையும் ஒரே குளத்தில் விடுவதற்குக் காரணமே குளத்தின் மூன்று மாடியிலும் சாப்பாடு இருக்கிறது, ஒருத்தர் இலையில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை என்பதுதான். இந்த இயற்கை உணவு, குறிப்பாக மிதக்கும் சின்னப் பூச்சி வகைகள், உலர் எடையில் கிட்டத்தட்ட பாதி புரதம். அதுவும் உயர்ந்த வகைப் புரதம்.

ஆனால் குளம் தரும் சாப்பாடு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. இரண்டு வீட்டுக்காரர் இருக்கும்வரை யாருக்கும் கவலையில்லை. நாலு வீட்டுக்கு வாடகைக்கு விட்டால் தொட்டி பெரிதாகாது, காலையில் சண்டைதான். 2000 மீனுக்கு அந்த ஒரு ஏக்கர் தந்த பாசியும் பூச்சியும், 4000 மீன் விட்டதும் தலைக்குப் பாதியாகிவிட்டது. சித்தப்பா தவிட்டையும் புண்ணாக்கையும் இரண்டு மடங்காக்கினார். குளம் தன் பங்கை இரண்டு மடங்காக்கவில்லை.

அதனால் என்ன, போடுகிற தீவனத்திலேயே 27 சதவீதம் புரதம் இருக்கே என்று நானும் கேட்டுக்கொண்டேன். இருக்கிறது. ஆனால் 'புரதம்' என்பது ஒரே பொருள் இல்லை. அது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றில் பத்தை மீன் தானே செய்துகொள்ள முடியாது, வாய் வழியாகத்தான் வரவேண்டும். அந்தப் பத்தில் எது குறைவோ அதுதான் வளர்ச்சியின் உச்சவரம்பு. பத்து பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தேரில் ஒருவர் வரவில்லை என்றால், மீதி ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தும் தேர் நகராது.

கெண்டைத் தீவனத்தில் வராமல் போகும் அந்த ஆள் பெரும்பாலும் லைசின், அடுத்து மெத்தியோனின். சாதாக் கெண்டையை வைத்து ஜப்பானில் செய்த பழைய ஆய்வுகளிலிருந்து இன்றுவரை பயன்படும் எண்: 100 கிராம் புரதத்தில் 5.7 கிராம் லைசின் இருக்கவேண்டும். கடலைப் புண்ணாக்குப் புரதத்தில் இருப்பது சுமார் 3.5. தவிட்டுப் புரதம் கொஞ்சம் பரவாயில்லை, 4.5 பக்கம். பாதிக்குப் பாதி கலந்தால் மொத்தம் சுமார் 3.7 வருகிறது. தேவையில் மூன்றில் இரண்டு பங்குகூட முழுசாக இல்லை.

மீதிப் புரதம் என்ன ஆகும்? உடம்பில் சேராது. மீன் அதை எரித்துவிட்டு, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். பணம் கொடுத்து வாங்கிய புண்ணாக்கு, குளத்துக்கு உரமாகப் போகிறது. கொஞ்சம் உரம் நல்லது, பாசி வளரும். அளவு மீறினால் அதே அம்மோனியா மீனுக்கு விஷம்.

ஆக முதல் வருஷம் நடந்தது இது: வயிற்றை நிரப்பியது தவிடும் புண்ணாக்கும், விட்டுப்போன லைசினைக் கொடுத்தது குளத்துப் பூச்சி. இரண்டாம் வருஷம் பூச்சியின் பங்கு பாதியானதும் கலவையின் ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது. கலவை மோசமாகவில்லை. அது எப்போதுமே பாதிச் சாப்பாடுதான். மீதிப் பாதியைக் குளம் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க அப்பா காலத்துல மீன் அப்படி வளந்ததுக்கு இதான் காரணமா?" என்றார். இருக்கலாம். ஹீராலால் சௌத்ரி 1957-ல் ஒடிசாவில் பிட்யூட்டரி சாறு ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைப்பதற்கு முன்னால், குஞ்சு என்பது ஆற்றில் அரித்து எடுப்பது. கிடைத்ததுதான் கணக்கு. குஞ்சுப் பண்ணைகள் வந்தபிறகு எத்தனை வேண்டுமானாலும் விடலாம் என்றாகிவிட்டது. குஞ்சு பெருகியது, தீவனப் பங்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரி, லைசினை எப்படி ஏற்றுவது? ஒரே புண்ணாக்கை நம்பாமல் கலப்பதுதான் வழி. சோயாப் புண்ணாக்கில் லைசின் நிறைய (புரதத்தில் 6-க்கு மேல்), மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு நேர் எதிர்: மெத்தியோனின் நிறைய, லைசின் ரொம்பக் குறைவு. கருவாட்டுத் தூளில் இரண்டும் உண்டு, விலையும் உண்டு. நாம் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்க்கிறோமே, அதே தத்துவம். அரிசியில் குறையும் லைசினை உளுந்து தருகிறது.

ஒரு தாளில் நான் போட்டுப் பார்த்த 100 கிலோ கலவை இது: கடலைப் புண்ணாக்கு 25 கிலோ, சோயாப் புண்ணாக்கு 15, எள்ளுப் புண்ணாக்கு 5, கருவாட்டுத் தூள் 8, எண்ணெய் நீக்கிய தவிடு 35, மரவள்ளி மாவு 10, தாது உப்புக் கலவை 2. புரதம் கூட்டிப் பார்த்தால் 28.5 சதவீதம் பக்கம் வருகிறது, பழைய கலவையைவிடப் பெரிதாக அதிகமில்லை. ஆனால் லைசின் 3.7-லிருந்து 4.8-க்கு ஏறிவிடுகிறது. மீதியை நல்ல பச்சைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பையின் மேல் அச்சடிக்கிற புரத எண் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் மதிப்பு பாதித் தூரத்துக்கு மேல் மாறுவதைப் பார்க்கும்போது, வெறும் சதவீதத்தை மட்டும் கேட்டுத் தீவனம் வாங்குவது எவ்வளவு அரைகுறை என்று புரிகிறது. இது காகிதக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் புண்ணாக்கின் தரம் வேறாக இருந்தால் எண்ணும் மாறும்.

சோயாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் புண்ணாக்காக வருவது வேகவைத்துப் பதப்படுத்தியது, பிரச்சினையில்லை. விலை மலிவு என்று பச்சை சோயாவை அரைத்துப் போட்டால், அதிலுள்ள ஒரு பொருள் புரதத்தைச் செரிக்கும் என்சைமையே முடக்கிவிடும். வறுத்தோ வேகவைத்தோதான் போடவேண்டும்.

இனி மீனின் வயிற்றுக்குள் போகலாம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. எனக்கு இது புதுச் செய்தி. வாயில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிற பற்களால் அரைக்கிறது; அங்கிருந்து நேராகக் குடல். நமக்கு இருப்பதுபோல் அமிலம் சுரக்கிற, சாப்பாட்டைப் பிடித்து வைக்கிற பை நடுவில் இல்லை. அதற்குப் பதிலாகக் குடல் மிக நீளம். ரோகுவுக்கு உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு சுருண்டு கிடக்கிறது.

இந்த ஒரு உண்மையிலிருந்து மூன்று விஷயம் கிளைக்கிறது. ஒன்று, கெண்டை ஒரே வேளையில் மூக்கு முட்டத் தின்று சேமித்து வைத்துக்கொள்ள முடியாது. மேய்கிற ஜீவன் அது. ஒரு நாள் தீவனத்தை ஒரே தடவையில் கொட்டுவதைவிட இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டால் அதிகம் உடம்பில் சேரும். இரண்டு, தீவனத்தை நைசாக அரைக்கவேண்டும். முழுத் துண்டுகளைக் கரைக்க அங்கே அமிலம் இல்லை. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: பாஸ்பரஸ். கருவாட்டு எலும்பில் பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் அமிலம் இல்லாமல் எலும்பு கரையாது. தவிட்டிலும் நிறைய இருக்கிறது, ஆனால் பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது, சாவி கெண்டையிடம் இல்லை. அதனால் கணக்கில் இருந்தும் கையில் இல்லை. தாது உப்பு வாங்கும்போது மாட்டுக்குப் போடும் டைகால்சியம் பாஸ்பேட்டைவிட மோனோகால்சியம் பாஸ்பேட் கெண்டைக்கு நன்றாகச் சேரும்.

கலவையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஆனால் சித்தப்பாவின் குளத்தில் நான் முதலில் மாற்றச் சொன்னது கலவையை இல்லை, போடுகிற விதத்தை.

அவர் செய்தது எல்லாரும் செய்வதுதான். புண்ணாக்கை இரவு ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து, கரையில் நின்று வீசுவது. சில நாள் அவசரத்தில் காய்ந்த தவிட்டையே தூவுவது. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். தவிடு மிதந்து காற்று போன பக்கம் ஒதுங்கியது. புண்ணாக்கு கரைந்து பாலாகியது. பத்து நிமிஷத்தில் பக்கெட்டின் அடியில் ஒரு சேற்றுப் படலம். மீன் வாய்க்குள் போகும் உருவத்தில் எதுவும் மிச்சமில்லை. "மீன் தின்னுதா, தண்ணி தின்னுதான்னு தெரியலையே" என்றார். தண்ணீர்தான்.

ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில் இதற்கு ஒரு எளிய தீர்வு பல வருஷமாக நடக்கிறது. பழைய உரச் சாக்கின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டை போடுகிறார்கள். அதில் எண்ணெய் நீக்கிய தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பி, குளத்துக்குள் நட்ட மூங்கில் கழியில் கட்டித் தண்ணீரில் தொங்க விடுகிறார்கள். ரோகு வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சித் தின்கிறது. முட்டி மோதினால்தான் தீவனம் வெளியே வரும், இல்லையென்றால் பைக்குள்ளேயே இருக்கும். மீன்கள் சில நாளிலேயே இடத்தைப் பழகிக்கொள்ளும். உலக உணவு வேளாண்மை அமைப்பு ஆந்திரக் கெண்டை வளர்ப்பின் தீவன முறைகளைப் பற்றி 2013-ல் ஒரு முழு அறிக்கையே போட்டிருக்கிறது. இந்தப் பை முறைதான் அதில் நாயகன்.

இதில் எனக்குப் பிடித்தது சிக்கனம்கூட இல்லை, தகவல். பை என்பது ஒரு அளவுகோல். இரண்டு மூன்று மணி நேரத்தில் காலியானால் மீன் நன்றாகத் தின்கிறது, நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். மத்தியானம் வரைக்கும் பாதி கிடந்தால் ஏதோ சரியில்லை: ஆக்சிஜன் குறைவு, நோய், அல்லது நாம் கணக்கில் வைத்திருக்கும் மீன் உண்மையில் குளத்தில் இல்லை. வீசிப் போடுகிறவருக்கு இந்தச் செய்தி வரவே வராது. எங்கள் தொழிலில், பதில் வராத சர்வருக்கு மேலும் மேலும் தகவல் அனுப்பிக்கொண்டே இருப்பது என்று இதைச் சொல்வோம்.

பைக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருப்பது தூள் என்பதால் கொஞ்சம் கரைந்து போகத்தான் செய்யும். இன்னொரு வழி, தீவனத்தைக் குச்சியாகப் பிழிந்து காயவைப்பது. பெரிய இயந்திரம் வேண்டாம். எல்லாவற்றையும் மாவாக அரைத்து, மரவள்ளி மாவை மட்டும் தனியே கஞ்சியாகக் காய்ச்சி, அதில் பிசைந்து, முறுக்கு அச்சு மாதிரியான கைப்பிழியிலோ இறைச்சி அரைக்கும் இயந்திரத்திலோ நூலாகப் பிழிந்து, வெயிலில் காயவைத்து உடைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கஞ்சிதான் இங்கே பசை. சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஜவ்வரிசி ஆலைத் திப்பி மலிவாகக் கிடைக்கும். அதில் புரதம் ஏறக்குறைய இல்லை, நார் அதிகம், ஆனால் மாவுச் சத்து மிச்சம் இருப்பதால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தாது உப்பை மாவு ஆறிய பிறகு சேர்ப்பது நல்லது. குச்சி தண்ணீரில் அரைமணி நேரம் உடையாமல் நிற்கிறதா என்று அதே பக்கெட்டில் பார்த்துக்கொள்ளலாம். உடைந்தால் கஞ்சி போதவில்லை, அல்லது அரைத்தது நைசாக இல்லை.

சரக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றிக் கொஞ்சம்.

தவிடு எல்லாம் தவிடு இல்லை. பழைய ஹல்லர் மில்லில் வரும் தவிட்டில் உமியும் சேர்ந்து அரைபட்டிருக்கும். 12 சதவீதம் என்று நினைத்து வாங்கிய புரதம் 6, 7-க்கு இறங்கிவிடும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உமித் தவிடு சொரசொரவென்று குத்தும். தண்ணீரில் போட்டால் உமி மேலே மிதக்கும். அடுத்தது, தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அரிசி தீட்டியதுமே அதிலுள்ள ஒரு என்சைம் அந்த எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். சில நாளில் காறல் வாடை வரும், மீன் ஒதுக்கும். புழுங்கல் அரிசித் தவிட்டில் நெல் வேகும்போதே அந்த என்சைம் செத்துவிடுவதால் அதிக நாள் தாங்கும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது இலவச வசதி. எண்ணெய் நீக்கிய தவிடு இன்னும் தாங்கும்.

கடலைப் புண்ணாக்கில் பயப்பட வேண்டியது பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் முடிந்தது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்துதான் 'அஃப்ளாடாக்சின்' என்ற சொல்லே வந்தது. அது ஈரலைத் தாக்கும் விஷம், சமைத்தாலும் எளிதில் போகாது. ஐப்பசி மழையில் சிமென்ட் தரையில் நேராக அடுக்கிய மூட்டை என்றால் ஈரம் கீழிருந்து ஏறும். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கை "மீனுக்குத்தானே" என்று போடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப் போட்ட குளத்தில் மீன் சாகாமல் இருக்கலாம், ஆனால் மெல்ல வளர்ச்சி குறைந்தால் யார் புண்ணாக்கைச் சந்தேகப்படப் போகிறார்கள்?

பிறகு அசோலா. யூடியூபில் பார்த்தால் அசோலா ஒன்றே போதும், தீவனச் செலவே இல்லை என்கிறார்கள். உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 100-க்கு 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் 60 கிராம்தான் சரக்கு, அதில் புரதம் 13 கிராம் அளவு. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 420 கிராம். அதாவது ஒரு கிலோ புண்ணாக்குக்கு ஈடாக 32 கிலோ அசோலா அள்ளவேண்டும். புல் கெண்டை இருந்தால் அசோலா போடுங்கள், அது விரும்பித் தின்னும். ரோகுவுக்கு அதை மட்டும் நம்பிக் குஞ்சு விடாதீர்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். "கம்பெனித் தீவனம் வாங்கிடலாமா, வீட்டுலயே செய்யலாமா?" என்பதுதான் சித்தப்பாவின் உண்மையான கேள்வி. தீவனத்தின் கிலோ விலையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு கிலோ மீன் வளர எத்தனை கிலோ தீவனம் போனது என்பதைப் பெருக்கவேண்டும். தூளாக வீசினால் மூன்று கிலோவுக்கு மேல் போவது சகஜம். நல்ல குச்சித் தீவனத்தில் ஒன்றரை முதல் இரண்டு.

கணக்குக்காக மட்டும் சில விலைகள் வைத்துக்கொள்வோம். வீட்டுத் தூள் கிலோ 32 ரூபாய், 3.2 கிலோ போனால் ஒரு கிலோ மீனுக்குத் தீவனச் செலவு 102 ரூபாய். கம்பெனி மிதவைத் தீவனம் 48 ரூபாய், 1.6 கிலோ போனால் 77 ரூபாய். விலை ஒன்றரை மடங்கு, செலவு முக்கால்தான். இதே இடத்தில் வீட்டில் பிழிந்த குச்சி, கூலியும் சேர்த்து 38 ரூபாய் என்றால், கம்பெனியோடு சமமாக நிற்க அது 2.0-க்குள் முடித்துக் காட்டவேண்டும். 2.3 ஆனால் கம்பெனி ஜெயிக்கும், 1.8 ஆனால் வீடு ஜெயிக்கும். உள்ளூர்த் தீவனம் எப்போதும் மலிவு என்ற பேச்சும், பேக்டரித் தீவனம்தான் அறிவியல் என்ற பேச்சும் இந்த ஒரு எண்ணைச் சொல்லாமல் பேசினால் வெறும் பேச்சுதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

அந்த எண் தெரியவேண்டுமானால் மீனை எடை போடவேண்டும். நம்ம குளங்களில் நடக்காத வேலை இதுதான். பதினைந்து நாளுக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை வீச்சு வலை போட்டு, முப்பது நாற்பது மீனை எடுத்து, சராசரி எடை பார்த்துத் திரும்ப விடவேண்டும். குளத்தில் 3000 விட்டு 10 சதவீதம் போயிருக்கும் என்று வைத்தால் 2700. சராசரி 300 கிராம் என்றால் மொத்தம் 810 கிலோ. அந்தப் பருவத்தில் உடல் எடையில் 2 சதவீதம் போதும், ஒரு நாளைக்கு 16 கிலோ. குஞ்சாக இருக்கும்போது 5 சதவீதம், வளர வளரக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். சித்தப்பா "ரெண்டு மூட்டை, மூணு மூட்டை" என்று மூட்டைக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் குஞ்சின் ரகமும் சேர்ந்துகொள்கிறது. புவனேஸ்வர் பக்கத்திலுள்ள நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-ல் 'ஜெயந்தி ரோகு' என்று ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் 17 சதவீதம் அளவுக்கு வளர்ச்சி கூடியதாகப் பதிவு. வேகமாக வளரும் மீனுக்கு லைசினும் வேகமாக வேண்டும். பாதிச் சாப்பாடு போட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இந்த வருஷத்துக்குச் சித்தப்பா முடிவு செய்திருப்பது 3000 குஞ்சு. நான் 2500 என்றேன், அவர் கேட்கவில்லை, குளம் அவருடையது. குளத்தின் பங்கை விடாமல் காப்பாற்ற மாட்டுச் சாணமும் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிறார். அளவுக்குக் கைதான் கருவி: முழங்கை வரை தண்ணீரில் விட்டால் உள்ளங்கை லேசாக மறையவேண்டும். முன்னாடியே மறைந்தால் பாசி அதிகம், உரத்தை நிறுத்தவேண்டும். தெளிவாகத் தெரிந்தால் மீனுக்கு இலையில் கூட்டில்லை என்று அர்த்தம். குளத்தின் ஒரு பாதியில் சாக்குப் பை, இன்னொரு பாதியில் பிழிந்த குச்சி. இரண்டும் ஒரே குளம் என்பதால் இது ஒழுங்கான சோதனை ஆகாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் எது சீக்கிரம் காலியாகிறது என்றாவது தெரியும்.

ஒன்று மட்டும் எழுதி அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறேன். விடியும் நேரத்தில் குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும்; ராத்திரி முழுக்கப் பாசியும் மீனோடு சேர்ந்து மூச்சு விட்டிருக்கும். சூரியன் ஏறிப் பாசி வேலையைத் தொடங்கும் முன்னால், ஆறு மணிக்கே தீவனம் போடக்கூடாது. ஒன்பதுக்கு மேல் போடலாம். கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் வெயிலே வராமல் மூடிக்கிடந்தால் பாதியாகக் குறைக்கவேண்டும், மீன் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றால் அன்றைக்குத் தீவனமே கிடையாது. பசியில் வாய் திறக்கிறது என்று நினைத்து அந்த நேரத்தில் இன்னொரு கூடை கொட்டுகிறவர்கள் உண்டு. அடியில் தங்கும் அந்தத் தீவனம் அழுகுவதற்கும் அதே ஆக்சிஜன்தான் செலவாகும்.